ரோபோவில் கைப் பயிற்சி: எண்ணிக்கை ஏறுகிறது, கை ஏறுகிறதா?

பிசியோதெரபி பக்கமிருந்து:
பக்கவாதத்துக்குப் பிறகு தோளுக்கும் முழங்கைக்கும் மேசைமட்ட ரோபோவில் (எம்ஐடி-மேனஸ் வகை) பயிற்சி தருபவர்கள், முதலில் நாற்காலியைச் சரிபாருங்கள். இடுப்பு பின்னால் ஒட்டியிருக்க வேண்டும். நெஞ்சுப் பட்டை இறுக்கமாக இருக்க வேண்டும். பட்டை தளர்ந்தால், முழங்கையை நீட்டுவதற்குப் பதில் உடம்பை முன்னால் சாய்த்தே நோயாளி திரையில் காட்டும் புள்ளியைத் தொட்டுவிடுவார். திரையில் மதிப்பெண் ஏறும், முழங்கையோ மடங்கியபடியே இருக்கும்.

முன்கைத் தாங்கி தாழ்ந்திருந்தால், கையின் எடை ஏற்கெனவே இறங்கிய தோள் மூட்டை இன்னும் கீழே இழுக்கும். உயர்ந்திருந்தால் தோள் காதை நோக்கித் தூக்கிக்கொள்ளும். வலி என்றால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். "கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்பது தோள் விஷயத்தில் கெட்ட யோசனை.

ஆக்குபேஷனல் தெரபியிலிருந்து (அன்றாட வேலைகளுக்குப் பழக்கும் சிகிச்சை) ஒரு சேர்க்கை:
மூடிய விரல்களை இழுத்துப் பிரிக்காதீர்கள். வேகமாக இழுக்க இழுக்க இறுக்கம் கூடும். மணிக்கட்டை உள்பக்கமாக மெல்ல மடக்கினால் விரல்கள் தாமே தளரும். அப்போது கைப்பிடியில் வைத்து, பிறகு மணிக்கட்டை நேராக்கி வெல்க்ரோவை ஒட்டுங்கள். கழற்றியதும் தோலைப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த கையில் பட்டை அறுத்தாலும் நோயாளிக்குத் தெரியாது.

கருவி பராமரிப்பவர் பார்வையில்:
உதவி விசையை அதிகமாக வைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அப்படி வைத்தால் மோட்டார் இழுக்கும், கை சும்மா கூடவே போகும். அசைவு தொடங்க நோயாளிக்கு ஓரிரு விநாடி அவகாசம் கொடுங்கள். பாதை விலகும்போது மட்டும் ரோபோ திருத்தட்டும். ஆர்மியோ ஸ்பிரிங் என்ற கையைத் தாங்கும் கருவியில் மோட்டாரே கிடையாது, எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அதை மிகையாக ஏற்றினால் கை மிதக்கும். தூக்க வேண்டிய தசைக்கு வேலையே இராது. இடமிருந்து வலக்கைக்கு மாற்றினால், மேல்கை, முன்கை நீளங்களை மறுபடி அளந்து வையுங்கள். கருவியின் மூட்டும் முழங்கையும் ஒரே நேரில் இல்லையென்றால் பட்டை தோலை உரசும்.

மீண்டும் பிசியோ:
கருவி விற்பவர்கள் சொல்லாத கணக்கு இது. 2010இல் வெளியான அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனை ஆய்வில் 127 பேர். ரோபோக் குழுவுக்கு 12 வாரத்தில் 36 அமர்வுகள். 12 வார முடிவில் வழக்கமான சிகிச்சையைவிடக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. அதே தீவிரத்தில் ஆள் தந்த பயிற்சியைவிடவும் ரோபோ மேலாக இல்லை. பிரிட்டனின் ரேட்டல்ஸ் ஆய்வில் (2019) 770 பேர், 45 நிமிடம், வாரம் மூன்று நாள், 12 வாரம். கை அசைவை அளக்கும் ஃபூகல்-மேயர் மதிப்பெண் ஓரளவு ஏறியது. பொருளை எடுத்து வைக்கும் திறனில் பலன் தெரியவில்லை. மேசைமேல் கையை நீட்டப் பழகினால் நீட்டத்தான் வரும், டம்ளர் பிடிக்க வராது.

அதனால் 45 நிமிட அமர்வில் கருவியில் 30 நிமிடம் என்றால், மிச்ச 15 நிமிடத்தை நிஜப் பொருளுக்கு ஒதுக்குங்கள். எவர்சில்வர் டம்ளர் வழுக்கும், அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் கால்பங்கு தண்ணீர் நிரப்பி மூடிய அரை லிட்டர் பாட்டில். காலி பாட்டில் விரல் பட்டதுமே சாய்ந்துவிடும்.