4:3 பொருந்திட்டா எழுத்து நூறு சதமானம் சரியாம்! காத்து 30ஆ 40ஆ?

குளச்சல் கடற்காத்து:
நேத்து பாறசாலைக்காரர் இங்க ஒரு டீகோட் (ரேடியோ சத்தத்துல இருந்து மென்பொருள் பிரிச்செடுத்த எழுத்து) போட்டாரு. 8416.5 கிலோஹெர்ட்ஸ்ல வந்த சைட்டர் பி (கப்பலுக்கு ரேடியோவுல எழுத்தா அனுப்புற டெலெக்ஸ் முறை) கடல் வானிலை அறிக்கை, அதுல காத்து 40 நாட் (மணிக்கு 40 கடல் மைல்). எழுத்து கெட்டா மென்பொருள் நட்சத்திரக் குறி போடும்; அவரு கீழ இப்படி ஒரு வரி எழுதினாரு: "ஒரு நட்சத்திரக் குறி கூட விழல, எல்லா எழுத்துலயும் 4:3 பொருந்திட்டு, அப்போ நூறு சதமானம் சரி." நான் அதே அறிக்கையை அதே நேரத்துல குளச்சல்ல எடுத்தேன், எனக்கு 30. எனக்கும் அந்த இடத்துல நட்சத்திரம் இல்ல. அப்போ ரெண்டுமே நூறு சதமானமா? இந்த மாதிரி எழுதி வச்சா புதுசா வர்ற பிள்ளைகள் நம்பிரும், அதுனாலதான் தனி இழை தொடங்குதேன். 4:3 பொருந்துறதுக்கும் எழுத்து சரியா இருக்கிறதுக்கும் நடுவுல பெரிய ஓட்டை கெடக்கு.

பாறசாலை எஸ்டிஆர்:
தனி இழை எல்லாம் எதுக்கு சாரே, அங்கேயே கேட்டா போதும்லா. ஒவ்வொரு எழுத்தும் ஏழு துண்டு, அதுல ஒரு தொனி நாலு தடவை, மத்த தொனி மூணு தடவை, இதுதான் கோடு (குறியீடு). ஒரு துண்டு மாறினா 5:2 ஆகும் இல்ல 3:4 ஆகும், உடனே மாட்டிக்கும். போதாததுக்கு ஒவ்வொரு எழுத்தும் ரெண்டு தடவை வருது. பேரே எஃப்இசி, முன்கூட்டியே தப்பு திருத்துறது. திருத்தினது எப்படி தப்பாகும்? உங்க பக்கம் சிக்னல் மோசம், அதைச் சொல்லுங்க, குறியீட்டைக் குத்தம் சொல்லாதீங்க.

பழைய ஸ்பார்க்ஸ்:
தம்பி, ஒரு துண்டு மாறினா மாட்டும், சரி. ரெண்டு துண்டு மாறினா? அந்த ரெண்டு தொனிக்கும் பி, ஒய்னு பேரு; ஒரு பி ஒய் ஆகி, ஒரு ஒய் பி ஆச்சுன்னா திரும்பவும் 4:3 தானே, அதுக்குப் பேரு என்ன வே? பேப்பர்ல எழுதிப் பாரும். ஏழு துண்டுல எந்த ரெண்டு மாறலாம்னு எண்ணினா 21 வழி, அதுல நாலுல ஒண்ணு மூணுல ஒண்ணு சேர்ந்து மாறுறது 12 வழி. 21-க்கு 12! ரெண்டு துண்டு தப்பினா பாதிக்கு மேல தப்பு கமுக்கமா உள்ள வந்திரும், நட்சத்திரமும் விழாது ஒரு மண்ணும் விழாது. இது நான் கப்பல்ல ரேடியோ ஆபீசரா இருந்தப்போ ராத்திரி ராத்திரியா டெலெக்ஸ் பேப்பர்ல பார்த்தது, யூடியூப்ல பார்த்தது இல்ல.

இன்னொண்ணும் சொல்லுதேன். ஏழு துண்டுக்கு மொத்தம் 128 சேர்க்கை, அதுல செல்லுபடி ஆகுறது 35. சிக்னலே இல்லாம வெறும் இரைச்சலை ஊட்டினாலும் நாலுல ஒண்ணுக்கு மேல "சரியான" எழுத்தா வந்து விழும், 27 சதமானம். நீரு அதுக்கும் நூறு மார்க்கு போடுவீரா?

பாறசாலை எஸ்டிஆர்:
வெறும் இரைச்சல் கணக்கு வேற, சிக்னல் இருக்கப்போ உள்ள கணக்கு வேற. என் வாட்டர்ஃபால்ல (சிக்னலைப் படமா காட்டுற திரை) ரெண்டு தொனியும் கத்தி மாதிரி தெரிஞ்சுது, படம் வேணும்னா போடுறேன். 40 தான்.

குளச்சல் கடற்காத்து:
தொனி தெரிஞ்சா போதுமா? சரி, 3-ஐயும் 4-ஐயும் எடுங்க. ஃபிகர் ஷிஃப்டுல (இனி வர்றது எண்ணுன்னு சொல்லுற குறி, அது வந்ததும் எழுத்தெல்லாம் எண்ணாகும்) 3-ங்கிறது ஈ எழுத்தோட இடம், 4-ங்கிறது ஆர் எழுத்தோட இடம். குறியீட்டு அட்டவணையில ஈ: ஒய் பி பி ஒய் பி ஒய் பி. ஆர்: பி ஒய் பி ஒய் பி ஒய் பி. முதல் ரெண்டு துண்டு மட்டும் இடம் மாறியிருக்கு, பாக்கி அஞ்சும் ஒண்ணேதான்! 100 பாட் வேகத்துல, அதாவது செகண்டுக்கு 100 துண்டு, ஒரு துண்டு 10 மில்லிசெகண்ட், அப்போ 20 மில்லிசெகண்ட் கெட்டா போதும், 30 நாட் 40 நாட் ஆயிரும், ரெண்டுமே 4:3. இதைத்தான் நேத்துல இருந்து சொல்லுதேன்.

பாறசாலை எஸ்டிஆர்:
நல்லா சொன்னீங்க. அப்போ 40 நாட் 30 ஆகவும் ஆகலாமே? உங்க பக்கம் கெட்டுதுன்னு ஏன் வச்சுக்கக் கூடாது? உங்க டீகோட்டை நானும் வாசிச்சேன். அதுக்கு மேல் வரியில காத்து "டபிள்யூ பி நாட்"னு வந்திருக்கு. டபிள்யூ 2, பி 0, அது 20 ஆக்கும். ஃபிகர் ஷிஃப்ட் எழுத்தே உங்களுக்குக் கிட்டல, அதுல இருந்து எண்ணெல்லாம் எழுத்தா விழுந்திருக்கு. அந்த லட்சணத்துல உள்ள ரிசப்ஷனை வச்சுக்கிட்டு என் 40-ஐ குத்தம் சொல்ல வந்துட்டீங்க.

குளச்சல் கடற்காத்து:
அது மேல் வரி. 30 உள்ள வரி சுத்தமா வந்துது. பேச்சை மாத்தாதீங்க.

குலசேகரம் ரப்பர்க்காடு:
எனக்கு ஒரு சந்தேகம். ரெண்டு காப்பி வருதுன்னா, ரெண்டும் செல்லுபடியா வந்து ஆனா வேற வேற எழுத்தா இருந்தா மென்பொருள் எதை அடிக்கும்? அதை யாரும் பேசல.

பழைய ஸ்பார்க்ஸ்:
ரப்பர்க்காடு கேட்டது நல்ல கேள்வி. மென்பொருளை எழுதினவன் எப்படி எழுதி வச்சானோ அப்படி. தப்புக் குறி போடுறதுதான் மரியாதை. ஆனா இவரு கேஸ் அது இல்ல. ஒரு காப்பி செத்து 5:2-ஆ வருது, மத்த காப்பி ரெண்டு துண்டு புரண்டு 4:3-ஆ வருது, அப்போ மெஷின் "செத்ததை விடு, உயிரோட இருக்கிறதை அடி"ன்னு தப்பான எழுத்தை அச்சா அடிச்சிரும். எஃப்இசின்னு பேரு இருக்கறதால திருத்திருச்சுன்னு நினைக்காதீரும். அது திருத்தல, ரெண்டுல ஒண்ணைப் பொறுக்குது, அவ்வளவுதான்.

ரெண்டாவது காப்பி எவ்வளவு நேரம் கழிச்சு வருதுன்னாவது அறியுமா பாறசாலைத் தம்பிக்கு? நடுவுல நாலு எழுத்து, 280 மில்லிசெகண்ட். இடி மின்னல் "டப்"னு ஒரு வெட்டு வெட்டினா ஒரு காப்பி போகும், மத்தது தப்பிக்கும், அதுக்குன்னு வச்ச இடைவெளி அது. ஆனா ஷார்ட்வேவ்ல ஃபேடிங் (சிக்னல் மங்கிறது) சாவகாசமா வந்து செகண்டு கணக்குலயும் நிமிஷக் கணக்குலயும் மூச்சு விடுற மாதிரி ஏறி இறங்கும், ஒரு செகண்ட் அமுங்கினாலே ரெண்டு காப்பியும் ஒரே குழியில விழுந்திரும். சைட்டரோட மோடு ஏ-யில (ஒருத்தரும் ஒருத்தரும் பேசிக்கிறது) அந்த தொந்தரவு இல்ல, அங்க மூணு எழுத்து அனுப்பி, 450 மில்லிசெகண்ட் சுழற்சியில மறுமுனை சரியா தப்பான்னு பதில் சொல்லும், தப்புன்னா திரும்ப அனுப்பும், அந்த கிறிச் கிறிச் சத்தம் கேட்டாலே கை தானா நேரம் எண்ணும். மோடு பி-யில, அதாவது நாம கேக்கிற இந்த சைட்டர் பி-யில, கேக்கிறவன் ஆயிரம் பேரு, யாரு திரும்பக் கேக்கிறது? இந்த வித்தியாசம் தெரியாம டாங்கிளை, அந்தக் குச்சி ரேடியோவை, லேப்டாப்புல சொருகிட்டு 40 நாட் 40 நாட்னு விளிச்சா நான் என்ன பண்ண.

பாறசாலை எஸ்டிஆர்:
அண்ணாச்சி டாங்கிளைச் சொல்லாம ஒரு பதிவு எழுத மாட்டீங்க. போன கூட்டத்துல என் ஆன்டெனாவைப் பார்த்து எல்லாரும் முன்னாடி சிரிச்சீங்களே, மறக்கல. அந்த ஆன்டெனாவுலதான் 40 வந்துது.

பழைய ஸ்பார்க்ஸ்:
தென்னையில கெட்டின வயரு மட்டை விழுந்து பாதி தரையில கெடந்துது, சிரிக்காம? அதுக்கு அடியில இன்வெர்ட்டர் வேற. இன்வெர்ட்டர் இரைச்சல் கரண்டோட தாளத்துலேயே வெட்டும்னு உமக்குத் தெரியாதா? நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ். அதான் சொல்லுதேன் உம்ம 4 எங்க இருந்து வந்துதுன்னு.

பாறசாலை எஸ்டிஆர்:
அப்போ குளச்சல்ல மட்டும் கரண்டு வேறயா? அங்கயும் 50 தான். அங்க எல்ஈடி பல்பு கிடையாதா?

மார்த்தாண்டம் பாக்டர்:
ஐயா பெரியோர்களே, இந்தக் காலத்துல சைட்டரை வச்சு சண்டை போடுறது எனக்கு மனசிலாகல. பாக்டர்னு ஒரு ரேடியோ டேட்டா முறை இருக்கு, ஜெர்மனிக்காரங்க செஞ்சது, ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 16 பிட் சிஆர்சி (தப்பு வந்துதான்னு பாக்குற சரிபார்ப்பு எண்). கெட்டுப்போன பாக்கெட்டைக் கூட எறியாம மெமரியில வச்சு, திரும்ப வர்றதோட கூட்டிப் பார்த்து சரியானதை எடுக்கும். பாய்மரப் படகுல உலகம் சுத்துறவங்க ஷார்ட்வேவ்ல மெயில் அனுப்புறது அதுலதான். 4:3 எல்லாம் பழைய டெலெக்ஸ் காலத்து ஏற்பாடு. 2024 ஜனவரி 1-ல் இருந்து ஆபத்துத் தொடர்புக்குக் கப்பல்ல இந்த ரேடியோ டெலெக்ஸ் வேணும்ங்கிற கட்டாயமே போயிருச்சு, தெரியும்லா?

பழைய ஸ்பார்க்ஸ்:
கட்டாயம் போனதும் தெரியும், 1999 பிப்ரவரி 1-ல் ஜிஎம்டிஎஸ்எஸ்ங்கிற கப்பல் ஆபத்துத் தொடர்பு ஏற்பாடு முழுசா வந்து என்னைப் போல ஆளுங்க வேலை போனதும் தெரியும். நீரு சொல்லித் தெரிய வேண்டாம். பாக்டர் மோடம் என்ன விலைன்னு சொல்லும். காசு உள்ளவன் பாஷை அது. சைட்டர் பி-யை எவனும் கேக்கலாம், ரேடியோவும் காதும் இருந்தா போதும். அடுத்தவன் பாக்டரை நடுவுல இருந்து கேட்டு முழுசா டீகோட் பண்ணிக் காட்டும், அப்புறம் பேசலாம்.

மார்த்தாண்டம் பாக்டர்:
விலையைப் பத்தி யாரு பேசினா? தப்பைக் கண்டுபிடிக்கிறதைப் பத்திதான் பேசினேன். 16 பிட் சிஆர்சி எங்க, 4:3 எங்க.

குலசேகரம் ரப்பர்க்காடு:
இதைக் கேக்கிறதுக்கு 8 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் எதுக்குப் போகணும், முட்டத்துலேயே நாவ்டெக்ஸ் (கடல் எச்சரிக்கையை எழுத்தா ஒலிபரப்புறது) நிலையம் இருக்கே, அதுவும் சைட்டர் பி தானே.

குளச்சல் கடற்காத்து:
அது 518 கிலோஹெர்ட்ஸ், மீடியம் வேவ். நாம ஷார்ட்வேவைப் பேசுதோம். முட்டம் எனக்கு பக்கத்து ஊரு, அங்க நட்சத்திரமும் விழாது எழுத்தும் மாறாது, அதை வச்சு இங்க எதையும் நிரூபிக்க முடியாது.

குலசேகரம் ரப்பர்க்காடு:
கோடு ஒண்ணுதானே அண்ணே, அலை மாறினா கோடு மாறுமா?

குளச்சல் கடற்காத்து:
கோடு மாறாது, தப்பு வர்ற விதம் மாறும்.

தூத்தூர் ஆழ்கடல்:
வாசிச்சிட்டே இருந்தேன், ஒண்ணு சொல்லணும். 30 நாட்டும் 40 நாட்டும் உங்களுக்கு ஈ எழுத்து ஆர் எழுத்து. எங்களுக்கு 30-னா வலையை இழுத்திட்டு யோசிக்கலாம், 40-னா அது கேல், சூறைக்காத்து, யோசிக்கவே நேரம் கிடையாது. 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் அடிச்சப்போ தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பிள்ளைகள் ஆழ்கடல்ல கெடந்தாங்க, விஎச்எஃப் ரேடியோ அங்க எட்டாது, ஒரு எழுத்தும் போய்ச் சேரல. எழுத்து தப்பா வருதா சரியா வருதாங்கிறதுக்கு முன்னாடி, அந்தப் போட்டுல இதைக் கேக்க ஏதாவது பெட்டி இருந்துதான்னு கேளுங்க.

பழைய ஸ்பார்க்ஸ்:
மக்களே நீ சொல்றது உள்ளது. நான் அதைத்தான் இவங்ககிட்ட சொல்லுதேன், எண்ணு தப்பினா உயிரு போகும். அதுனாலதான் நூறு சதமானம்ங்கிற பேச்சைக் கேட்டா எனக்கு ரத்தம் கொதிக்குது. கேல் 34 நாட்டுல தொடங்குது. 30 அதுக்குக் கீழ, 40 அதுக்கு மேல. ரெண்டு துண்டு இடம் மாறினதுல எச்சரிக்கையே உண்டா இல்லையான்னு ஆகிப்போகுது!

பாறசாலை எஸ்டிஆர்:
கேலுன்னா தலைப்புல கேல் வார்னிங்னு போட்டிருக்கும். அதைப் பாருங்க.

குளச்சல் கடற்காத்து:
என் டீகோட் தலைப்புல கேல்னு இல்ல. அதான் 30.

பாறசாலை எஸ்டிஆர்:
உங்க தலைப்புல மூணு நட்சத்திரம் இருக்கு. அந்த இடத்துல கேல்னு இருந்திருந்தா?

குளச்சல் கடற்காத்து:
கேலுக்கு ஆங்கிலத்துல நாலு எழுத்து. மூணு நட்சத்திரத்துல நாலு எழுத்து எப்படி நிக்கும்?

பாறசாலை எஸ்டிஆர்:
நாலாவது எழுத்து 4:3 பொருந்தி வேற எழுத்தா வந்திருக்கும். நீங்க சொன்ன கணக்குதான், 21-க்கு 12!

பழைய ஸ்பார்க்ஸ்:
பார்த்தேரா, இப்போ எங்க கணக்கை எடுத்து எங்களையே குத்துதாரு. அப்போ 4:3 பொருந்தினாலும் தப்பு வரும்னு ஒத்துக்கிட்டாச்சா?

பாறசாலை எஸ்டிஆர்:
உங்க பக்கம் வரும்னு சொன்னேன். என் பக்கம் வரல.

மார்த்தாண்டம் பாக்டர்:
சிஆர்சி இருந்தா இந்தப் பேச்சே இல்ல.

பழைய ஸ்பார்க்ஸ்:
நீரு சும்மா இரும் வே. டிஎஸ்சி-யை, ஷார்ட்வேவ்ல கப்பலைக் கூப்பிடுற டிஜிட்டல் அழைப்பை, எடுத்துக்கிடும், அதுவும் 100 பாட், ரெண்டு தொனிக்கும் நடுவுல 170 ஹெர்ட்ஸ்தான், அதுல 7 தகவல் பிட்டுக்கு (துண்டுக்கு)ப் பின்னால 3 பிட்டுல அந்த ஏழுல பி எத்தனைங்கிற எண்ணிக்கை எழுதி, கடைசியில மொத்தச் செய்திக்கும் ஒரு சரிபார்ப்பு எழுத்தும் வச்சிருக்கான். ஏன் வச்சான்? 4:3 மட்டும் பத்தாதுன்னு அறிஞ்சுதான் வச்சான். பாறசாலைத் தம்பிக்கு இது ஏறுதா? ரெண்டு பேரும் ஆடியோ ஃபைலைப் போடுங்க, நான் துண்டு துண்டா வெட்டி, ஒவ்வொரு 10 மில்லிசெகண்டும் மேல் தொனியா கீழ் தொனியான்னு எழுதிக் காட்டுதேன்.

பாறசாலை எஸ்டிஆர்:
என் ஃபைலை உங்ககிட்ட தர மாட்டேன். போன தடவை தந்த ரெக்கார்டிங்கை என் பேரு இல்லாம வேற குழுவுல போட்டீங்க.

பழைய ஸ்பார்க்ஸ்:
பேரு போட்டேன், கடைசியில போட்டேன், நீரு கடைசி வரைக்கும் வாசிக்கல.

குளச்சல் கடற்காத்து:
என் ஃபைலை இன்னைக்கு ராத்திரி ஏத்துதேன். டயல் 8414.8 கிலோஹெர்ட்ஸ், யுஎஸ்பி (மேல் பக்கப்பட்டை), நடு தொனி 1700 ஹெர்ட்ஸ், கூட்டினா அதே 8416.5. யாரு வேணும்னாலும் வெட்டிப் பாருங்க. 30.

பாறசாலை எஸ்டிஆர்:
ஏத்துங்க. ஃபிகர் ஷிஃப்ட் போன வரியையும் சேர்த்து ஏத்துங்க, அதை மட்டும் வெட்டிடாதீங்க. 40.