மூட்டு டாக்டர் பெயர் இன்ஷூரன்ஸ் பட்டியலில் இல்லை, என்ன செய்யலாம்?

திருநகர்க்காரன்:
அம்மாவுக்கு 64 வயது. வலது முழங்கால் தேய்ந்துபோய்விட்டது, மூட்டு மாற்றித்தான் ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் சாயங்காலம் சொந்தக் கிளினிக்கில் பார்ப்பவர், ஆபரேஷன் செய்வது வெளி ஆஸ்பத்திரியில். எங்கள் பாலிசி 5 லட்சத்துக்கு, விடாமல் கட்டி நாலாவது வருடம் ஓடுகிறது. கம்பெனி ஆப்பில் டாக்டர் பெயரைப் போட்டால் எதுவும் வரவில்லை. கஸ்டமர் கேரில் "நெட்வொர்க்ல பாருங்க சார்" என்பதற்கு மேல் பேச்சில்லை. அம்மாவோ இவரைத் தவிர வேறு யாரிடமும் காலைக் காட்டமாட்டேன் என்கிறார். இந்த டாக்டருக்கு இன்ஷூரன்ஸ் உண்டா, இல்லையா?

பழைய பில்லிங்காரர்:
தம்பி, கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கணும். நம்ம ஊர் பாலிசிகளில் நெட்வொர்க் பட்டியல் என்பது ஆஸ்பத்திரிப் பட்டியல், டாக்டர் பட்டியல் இல்லை. கேஷ்லெஸ், அதாவது நாம் கட்டாமல் கம்பெனியே பில்லை நேராகக் கட்டும் ஒப்பந்தம், ஆஸ்பத்திரிக்கும் கம்பெனிக்கும்தான். அதனால் டாக்டரிடம் "நீங்க எந்தெந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் பண்றீங்க?" என்று கேளுங்கள். பலரும் ரெண்டு மூணு இடத்தில் பண்ணுவார்கள். அதில் ஒன்று உங்கள் பட்டியலில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி, அந்த ஆஸ்பத்திரியின் இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில். நான் ரொம்ப காலம் உட்கார்ந்திருந்த நாற்காலி அது. ஆப்பை நம்பாமல் நேரில் போய், "என் பாலிசிக்கு இப்பவும் கேஷ்லெஸ் உண்டா, இந்த டாக்டர் பீஸ் உங்க பில்லுக்குள்ளே வருமா?" என்று ரெண்டையும் கேளுங்கள். வெளியிலிருந்து வரும் சர்ஜன் தன் பீஸைத் தனியாகக் கையில் வாங்கினால், அந்த ரசீது கேஷ்லெஸில் ஏறாது. சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான், அதுவும் டிஸ்சார்ஜ் அன்றைக்கு.

அறை வாடகை வரம்பையும் பாருங்கள். நாளுக்குப் பாலிசித் தொகையில் 1 சதவீதம் என்றிருந்தால் உங்களுக்கு 5,000 ரூபாய். 8,000 ரூபாய் அறை எடுத்தால் கைக்காசு 3,000தானே என்று நினைப்போம். ஆனால் டாக்டர் பீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாமே அதே விகிதத்தில், அதாவது 8,000க்கு 5,000 என்று, வெட்டுப்படும். சர்ஜன் பீஸ் 80,000 என்றால் வருவது 50,000. மருந்து, டெஸ்ட், இம்ப்ளான்ட் (உள்ளே வைக்கும் செயற்கை மூட்டு) மூன்றிலும் இந்த வெட்டு கூடாது. வெட்டியிருந்தால் விடாதீர்கள்.

மூட்டு மாற்றுக்குப் பல பாலிசிகளில் 2 வருடக் காத்திருப்பு உண்டு, பாலிசி எடுத்து அதற்குள் செய்தால் காசு வராது. நாலாவது வருடம் என்பதால் உங்களுக்கு அந்தக் கவலை இருக்காது.

கோவை மருமகள்:
இவ்வளவு அலையணுமா? பிடித்த ஆஸ்பத்திரியில் பணம் கட்டிவிட்டு அப்புறம் ரீஇம்பர்ஸ்மென்ட் போட்டால் போச்சு. மாமனாருக்கு அப்படித்தான் செய்தோம், வந்துவிட்டது.

பழைய பில்லிங்காரர்:
வரும்மா, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் லட்சக்கணக்கில் முதலில் புரட்டணுமே! இன்னொரு வழியும் இருக்கு. 2024 ஜனவரியிலிருந்து பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியிலும் கேஷ்லெஸ் கேட்கலாம். குறைந்தது 15 படுக்கை இருக்கணும், திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் 48 மணி நேரம் முன்னாடியே கம்பெனிக்குச் சொல்லணும். ஆஸ்பத்திரியும் ஒத்துக்கணும், அதுதான் சிக்கல். கம்பெனி விலக்கி வைத்த ஆஸ்பத்திரிகள் என்று ஒரு பட்டியலும் தனியாக உண்டு. அங்கே போய்ச் சேர்ந்தால், உயிருக்கு ஆபத்தான அவசரம் தவிர, ரீஇம்பர்ஸ்மென்ட்டும் கிடையாது. அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

திருநகர்க்காரன்:
நன்றி ஐயா. டாக்டரின் உதவியாளரிடம் கேட்டேன். ரிங் ரோடு பக்கம் இன்னொரு ஆஸ்பத்திரியிலும் வியாழக்கிழமை ஆபரேஷன் செய்கிறாராம், அது எங்கள் பட்டியலில் இருக்கிறது. டெஸ்க்கில் பீஸ் பில்லுக்குள் வரும் என்றார்கள், எழுதியே வாங்கிவிட்டேன். 5,000க்குள் இருவர் தங்கும் அறைதான். பக்கத்துக் கட்டில்காரர் ராத்திரி முழுக்க சீரியல் போட்டால் என்ன பண்ணுவது என்று அம்மா இப்போதே ஆரம்பித்துவிட்டார். கிளினிக்கில் கொடுத்த கன்சல்டிங், எக்ஸ்ரே ரசீதுகளைத் தூக்கிப்போடலாமா?

பழைய பில்லிங்காரர்:
ஐயோ, வேண்டாம்! அட்மிஷனுக்கு முந்தைய 30 நாள், டிஸ்சார்ஜுக்கு அப்புறம் 60 நாள் செலவைப் பெரும்பாலான பாலிசி தரும். பிசியோதெரபிக்கு டாக்டர் சீட்டு இருக்கட்டும். வாக்கரை மட்டும் ஆஸ்பத்திரி பில்லில் ஏற்ற விடாதீர்கள், அதற்குப் பொதுவாகக் காசு வராது. வெளியே விலை கம்மி.