தண்டையார்பேட்டை தெரு குரூப்: சந்திரதால் பிளான்

ரேவதி: ஜூலைல ஹிமாச்சல்ல ஸ்பிதி பக்கம் இருக்குற சந்திரதால் ஏரிக்குப் போறோம். மணாலில காலைல கெளம்பி அன்னிக்கு நைட்டே ஏரிகிட்ட டென்ட். ஓகேவா மூர்த்தி அண்ணா?

மூர்த்தி: வேணாம்மா. மணாலி 2,050 மீட்டர், ஏரி 4,250. அங்க காத்தழுத்தம் நம்ம காசிமேட்டுல இருக்கறதுல நூத்துக்கு அறுபதுதான். ராத்திரி பூரா தலைவலி, வாந்தின்னு உக்காந்திருக்கணும்.

மூர்த்தி: சிம்லா வழியா கல்பா, தாபோ, காஜான்னு தங்கித் தங்கி ஏறு. அப்பால குன்சும் கணவாய் தாண்டி ஏரிக்கு எறங்கலாம்.

ரேவதி: அவ்ளோ லீவு இல்லண்ணா 😩

மூர்த்தி: அப்போ கேலாங்லயாவது ரெண்டு நைட் தங்கு.

தனம் அக்கா: மலை உசரத்துல வர்ற தலைவலி, வாந்திக்கு டையமாக்ஸ்னு ஒரு மாத்திரை இருக்கு, அதை டாக்டரைக் கேட்டுதான் போடணும். சல்ஃபா அலர்ஜி இருந்தா சொல்லிடு. வெரல் நுனி மதமதன்னு இருக்கும், அடிக்கடி ஒண்ணுக்கு வரும். அதுக்கு பயந்து தண்ணி குடிக்காம இருக்காத.

தனம் அக்கா: யாராவது சோர்ந்தா, குதிகால்ல அடுத்த கால் வெரலை ஒட்டிவெச்சு நேரா பத்தடி நடக்க சொல்லு. தள்ளாடினா நடுராத்திரின்னாலும் கீழ எறக்கிடு. ஆக்சிஜன் சிலிண்டர் எறங்குற வரைக்கும் தாங்குறதுக்குத்தான்.

டேவிட்: நம்ம ஸ்விஃப்ட் போதுமாண்ணா?

மூர்த்தி: அடி இடிக்கும்பா. ஏரிக்குப் போற வழில சத்ருங்கற ஊர் தாண்டி பாத்தல்ங்கற எடம் வரைக்கும் ரோட்டு மேலயே ஓடை ஓடும். வெயில்ல பனி உருகி எறங்குற தண்ணி அது. காலைல கம்மியா இருக்கும், மதியத்துக்கு மேல ஏறிடும். பத்து மணிக்குள்ள தாண்டிடணும். செப்டம்பர்னா இன்னும் தேவலை.

டேவிட்: ஜீவா சப்வேல ஃபர்ஸ்ட் கியர்ல நிக்காம போற மாதிரிதானே?

மூர்த்தி: கியர் அதேதான். ஆனா சப்வே தண்ணி நிக்கும், இது இழுக்கும். பாறை அரைஞ்ச மாவு கலந்து பால் மாதிரி வரும், அடியில கெடக்குற கல்லு தெரியாது. முன்னாடி வண்டி சக்கரம் எங்க எகிறுதுன்னு பாத்துட்டு எறங்கு. நடுவுல ஆஃப் ஆனா மறுபடி ஸ்டார்ட் பண்ணாத. இன்ஜின் தண்ணிய இழுத்துச்சுன்னா கனெக்டிங் ராடு வளைஞ்சிடும்.

டேவிட்: 😳 அப்போ ஜீப்பே எடுத்துக்கறோம்

ரேவதி: கரையிலயே டென்ட் போடலாமா?

மூர்த்தி: கூடாது. 2005லயே ராம்சார் ஈரநிலம்னு, அதாவது உலக அளவுல பாதுகாக்க வேண்டிய ஈரநிலம்னு அறிவிச்ச இடம். கேம்ப்லாம் தள்ளிதான் இருக்கு. கடைசில கொஞ்சம் நடக்கணும், மெதுவா நட. குளிக்கலாம்னு மட்டும் எறங்காதீங்க, அந்த சில்லுல மூச்சு அடைச்சிக்கும்.

தனம் அக்கா: சோறு சட்டில வைக்காத ரேவதி. தண்ணி 86 டிகிரிலயே கொதிச்சிடும், அரிசி உள்ள நறுக்குன்னு நிக்கும். குக்கர் எடுத்துக்கோ, ரெண்டு விசில் கூட விடு.

ரேவதி: கேஸ்கட் போயிருக்குக்கா, நாளைக்கே மாத்திடறேன்