அம்மாவுக்கு 67 வயசு, தரையில உக்காந்தா எந்திரிக்க முடியல, புரோட்டீன் பவுடர் குடுக்கலாமா?

மேலூர்க்காரன்:
வணக்கம். அம்மா சுத்த சைவம், முட்டை கூட தொட மாட்டாங்க, எடை 50 கிலோ. போன மாசம் காய்ச்சல்ல படுத்து எந்திரிச்சதுல இருந்து ஆளே பாதியாயிட்டாங்க, தொடையெல்லாம் சூம்பிப் போயிருக்கு, அருவாமனையில காய் நறுக்கிட்டு எந்திரிக்கணும்னா கதவு நிலையப் புடிச்சாத்தான் முடியுது. காலையில ரெண்டு இட்லி, மத்தியானம் ரசம் சாதம், ராத்திரி மறுபடியும் இட்லி, இவ்ளோதான் சாப்பாடு. அக்கா புரோட்டீன் பவுடர் வாங்கிக் குடுங்கிறா, பக்கத்து வீட்டு மாமா கிட்னி போயிடும்ங்கிறார். என்ன பண்றது?

பிசியோ_திருச்சி:
சார், படுக்கையில கிடந்ததுதான் பெரிய காரணமா இருக்கும். ஆரோக்கியமான வயசானவங்கள 10 நாள் படுக்கையிலயே வச்சு 2007ல ஒரு ஆய்வு வந்துச்சு, கால்ல மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை கரைஞ்சிருந்துச்சு. பவுடர் மட்டும் குடுத்து அத திருப்ப முடியாது. 1994ல பாஸ்டன்ல ஒரு முதியோர் இல்லத்துல, சராசரி வயசே 87, 10 வாரம் கால் பயிற்சி குடுத்தவங்களுக்கு பலம் ரெண்டு மடங்குக்கு மேல ஏறுச்சு, சத்து பானம் மட்டும் குடிச்சவங்களுக்கு ஒண்ணும் மாறல. வயசாயிடுச்சு இனி அவ்ளோதான்னு தயவுசெஞ்சு விட்றாதீங்க. நாற்காலிய சுவத்தோட ஒட்டிப் போட்டு, கைய மார்ல கட்டிக்கிட்டு அஞ்சு தடவை எந்திரிச்சு உக்காரச் சொல்லுங்க, நீங்க பக்கத்துலயே நில்லுங்க. 12 செகண்ட் இல்ல அதுக்கு மேல ஆச்சுனா தசை இழப்பான்னு டாக்டர்ட்ட காட்டிப் பாக்கணும்.

கோமதி_அம்பை:
தம்பி, பவுடருக்கு முன்னாடி தட்டைப் பாருங்க. நம்ம ஊர் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்கு பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு உடம்பு எடையில கிலோவுக்கு 0.83 கிராம் புரதம், வயசானவங்களுக்கு 1லருந்து 1.2 வரைக்கும் வேணும்னு இப்ப நிபுணர்கள் சொல்றாங்க, அப்ப அம்மாவுக்கு 50லருந்து 60 கிராம். நீங்க சொன்ன சாப்பாட்டுல 30 தாண்டுறதே கஷ்டம், ஒரு இட்லியில 2 கிராம்தான் இருக்கும். ரசத்துல பருப்புத் தண்ணிதான போகுது, சத்து அடியில நிக்கிற பருப்புலல்ல இருக்கு. ரெண்டு இட்லிக்கு பதிலா காலையில பாசிப்பயறு அரைச்சு தோசை ஊத்துங்க, மத்தியானம் கெட்டிப் பருப்பும் கெட்டித் தயிரும், சாயங்காலம் குழைய வேகவச்ச சுண்டல். மீல்மேக்கர் 25 கிராம்ல 13 கிராம் புரதம் இருக்கு, வெந்நீர்ல ஊறவச்சு நல்லா பிழிஞ்சு அடை மாவோட அரைச்சுட்டா பல்லு இல்லாதவங்க கூட சாப்பிடலாம், வாடையும் தெரியாது. எல்லாத்தையும் ராத்திரி ஒரே வேளையில திணிக்காதீங்க, வயசான உடம்புக்கு ஒவ்வொரு வேளையும் கணிசமா கிடைச்சாத்தான் தசையில சேரும்.

செல்வம்72:
மாமா சொன்னதையும் ஒரேயடியா தள்ளிராதீங்க. கிட்னி நல்லா இருந்தா இந்த அளவு புரதத்தால கெட்டுப்போகாது, ஆனா ஏற்கனவே பழுதாயிருந்தா கதையே வேற, டாக்டர் சொல்ற அளவுதான். சுகர், பிரஷர் இருந்தா கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற கிரியாட்டினின், யூரின் ஆல்புமின் டெஸ்ட் ரெண்டையும் பாத்துட்டு ஆரம்பிங்க. எங்கப்பா டயாலிசிஸ்ல இருந்தப்ப சொந்தக்காரங்க பேச்சக் கேட்டு பருப்பு, முட்டை எல்லாத்தையும் நிறுத்திட்டாரு, டயாலிசிஸ் பண்றவங்களுக்கு புரதம் கூடுதலா வேணும்னு அப்ப யாரும் சொல்லல, அதனாலதான் இத இவ்ளோ அழுத்திச் சொல்றேன்.

மேலூர்க்காரன்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். அம்மாவுக்கு சுகர் மாத்திரை போயிட்டிருக்கு, இந்த வாரமே டெஸ்ட் எடுத்துர்றேன். பயறு தோசைக்கு ஒத்துக்கிட்டாங்க. நாற்காலியில எந்திரிச்சு உக்கார்றதையே பயிற்சியா காலையில எந்திரிச்ச உடனே பண்ணலாமா?

பிசியோ_திருச்சி:
சுகர் மாத்திரைனா வெறும் வயித்துல வேண்டாம், டிபன் முடிச்சு ஒரு மணி நேரம் கழிச்சு பண்ணட்டும். மொதல்ல நாற்காலி மேல கெட்டித் தலகாணி ஒண்ணு போட்டு உயரத்த ஏத்திக்குங்க, அது சுலபமானதும் எடுத்துருங்க. மூட்டு வலிச்சா நிறுத்திட்டு பக்கத்துல ஒரு பிசியோட்ட நேர்ல காட்டுங்க.