ஒரே பூவில் இரண்டு நிற வெளிச்சம்: ஒயிட் பேலன்ஸை எதற்கு ஏற்ப வைப்பது?

கேள்வி:

வணக்கம். வீட்டிற்குள் வளரும் தொட்டிச் செடிகளையும் அவற்றின் பூக்களையும் ஓராண்டாகப் படமெடுத்து வருகிறேன். பக்கவாட்டுச் சன்னலிலிருந்து பகல் வெளிச்சமும், மேலிருந்து மஞ்சள் எல்இடி விளக்கின் வெளிச்சமும் ஒன்றாக விழுவதால், வெள்ளை நித்தியகல்யாணியின் ஒரு பாதி நீலம் பாரித்தும் மறுபாதி ஆரஞ்சு படிந்தும் வருகிறது. ஒரு பக்கத்திற்கு ஏற்ப ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகவே தெரிவதற்கான நிறத் திருத்தம்) மாற்றினால் மறுபக்கம் முன்பைவிட மோசமாகிறது. ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலத் தரவாக) எடுத்தும் பயனில்லை. செம்பருத்தியோ நரம்பும் மடிப்பும் தெரியாமல் வெறும் சிவப்புத் திட்டாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1:

ஒயிட் பேலன்ஸ் என்பது படம் முழுவதற்கும் ஒரே அளவில் செய்யப்படும் திருத்தம் என்பதால், இரண்டு நிற வெளிச்சங்களை அது ஒருசேரச் சரிசெய்யாது. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்; எண் கூடக்கூட நீலம், குறையக்குறைய மஞ்சள். நண்பகல் வெயில் ஏறத்தாழ 5500 கெல்வின். வெயில் நேராகப் படாத சன்னலில் வானத்தின் நீலமே மிகுந்திருப்பதால் அது 7000-ஐயும் தாண்டலாம். உங்கள் விளக்கு 2700 முதல் 3000-க்குள் இருக்கும். ஆகவே, படமெடுக்கும் முன்பே வெளிச்சத்தை ஒன்றாக்கிவிடுங்கள். விளக்கை அணைத்து, கேமராவை முக்காலியில் பொருத்தி, ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வு அளவு) 100-இல் வைத்தால், ஷட்டர் அரை நொடி திறந்திருந்தாலும் கவலையில்லை. மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள், ஏனெனில் இதழ் நுனியின் சிறு அசைவும் படத்தில் தெரிந்துவிடும். இருண்ட பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்தால் சன்னல் வெளிச்சமே திரும்பி வந்து நிழலைத் தணிக்கும். பூ இருக்கும் இடத்திலேயே சாம்பல் அட்டையை (நிறச் சாயல் இல்லாத, நிறத்தைச் சரிபார்க்க உதவும் அட்டை) வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால், பின்னர் நிறத்தை ஊகிக்க வேண்டியதில்லை.

விளக்கை அணைக்க இயலாத இடமென்றால் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, ஃபிளாஷின் முன் ஆரஞ்சு ஜெல் தாளை ஒட்டி, அதன் வெளிச்சத்தை விளக்கின் நிறத்திற்கு இறக்குங்கள். செடி வளர்ப்பதற்கான ஊதா நிற எல்இடி விளக்குகளை மட்டும் எப்படியும் அணைத்தே தீர வேண்டும். அவற்றில் பச்சை ஒளி மிகக் குறைவு என்பதால், இலையிலிருந்து திரும்பி வராத நிறத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

செம்பருத்தியின் சிக்கல் வேறு. மொத்த வெளிச்சத்தைக் காட்டும் ஹிஸ்டோகிராம் (இடது ஓரம் இருட்டையும் வலது ஓரம் மிகு வெளிச்சத்தையும் குறிக்கும் வரைபடம்) சரியாக இருக்கும்போதே சிவப்பு அலைவரிசை மட்டும் நிரம்பி வழிந்திருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து, சிவப்பு வலது ஓரத்தைத் தொடாதவாறு வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் அளவிற்குக் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்).

பதில் 2:

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்குவதால், வேகமான ஷட்டரில், அதிலும் எலக்ட்ரானிக் ஷட்டரில், படத்தின் குறுக்கே பட்டைகள் விழும். விளக்கொளியில் எடுக்க நேர்ந்தால் 1/50 அல்லது 1/100 நொடியே பாதுகாப்பானது. மரநிழலில் எடுப்போர்க்கும் இதே கலப்பு உண்டு: இலைகளை ஊடுருவி வரும் பச்சை, வானத்தின் நீலம், இடையில் வெயில் பொட்டுகள். பூவிற்கு மேலே ஒரு டிஃபியூசரை (வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் திரை) பிடித்தால் பொட்டுகள் மறையும்; இலைப்பரப்பில் படியும் வெளிறிய பளபளப்பைப் போலரைசர் வடிகட்டி பெருமளவு நீக்கும்.

கேட்டவர்:

மிக்க நன்றி. விளக்கை அணைத்தவுடன் நித்தியகல்யாணி வெண்மையாகவே வந்துவிட்டது. ஆனால் அதே வெளிச்சத்தில், சாம்பல் அட்டை வைத்து எடுத்த சங்குப்பூ மட்டும் நீலமாக இல்லாமல் கத்தரிப்பூ நிறத்தில் வருகிறதே?

பதில் 3:

இது வெளிச்சத்தால் வந்த சிக்கல் அன்று. நீலப் பூக்கள் பல, நம் கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் தொலைசிவப்பு ஒளியையும் சேர்த்துத் திருப்பி அனுப்புகின்றன. சென்சாரின் முன்னுள்ள வடிகட்டி அதை முழுவதும் தடுக்காததால் நீலத்தோடு சிவப்பு கலந்துவிடுகிறது. ஃபிலிம் காலத்திலேயே அறியப்பட்ட இயல்புதான் இது. ஒயிட் பேலன்ஸால் இதைத் திருத்த முயன்றால் இலைகளின் நிறம் கெடும். ஆகவே, மென்பொருளில் ஊதாவின் சாயலை மட்டும் நீலத்தின் பக்கம் நகர்த்துங்கள். அதையும் பூ வாடுவதற்குள், அதைத் திரையின் அருகில் வைத்து ஒப்பிட்டபடியே செய்யுங்கள்.