மாடி அறையை இடிப்பதா, விடுவதா? (பங்காளி வீடு, செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம்)

மூன்றாம்கட்டு:

பாட்டையா ரங்கூன் பணத்தில் கட்டிய வீடு. முன்தெருவில் ஏறினால் பின்தெருவில் இறங்கலாம். முகப்பு, பட்டாலை (கூடம்), வளவு (நடுவில் திறந்த முற்றம்), இரண்டாம் கட்டு, அடுப்படி, கிணறு என்று எல்லாம் உண்டு, குடியிருக்கத்தான் ஆள் இல்லை. ஐந்து பங்கு. அதில் ஒரு பங்கில் நான் மூன்றில் ஒருவன். வருடத்துக்கு ஒரு தடவை முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்குப் பூட்டைத் திறப்போம்.

இந்தத் தடவை திறந்தால், வளவுச் சுவரில் மூன்றடி உயரத்துக்கு உப்பு பூத்து, தொட்டாலே பொலபொலவென்று கொட்டுகிறது. ஆறு வருடம் முன்னால் பழைய பூச்சு லேசாக விட்டிருந்த இடத்தில் சிமெண்ட் பூசினோம், அதே இடம்தான். அதற்கு மேலே உள்ள முட்டைப் பூச்சு (வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்பு) இன்றைக்கும் பீங்கான் மாதிரி இருக்கிறது. கிட்டே போனால் என் முகம் மங்கலாகத் தெரிகிறது.

அடுத்தது மாடி. ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வருவதற்குச் சில வருடம் முன்னால் ஐயா முகப்புக்கு மேலே ஒரு கான்கிரீட் அறை ஏற்றியிருக்கிறார். மூலை வளைந்த பால்கனி, உதிக்கிற சூரியன் மாதிரி கோடு கோடாகக் கம்பிக் கிராதி, நீலமும் பச்சையுமாகக் கண்ணாடி. கீழே சுதையில் கஜலட்சுமி, மேலே கப்பல் மாதிரி ஒரு அறை! பார்க்க வந்த இன்ஜினியர், "இது வீட்டோடு ஒட்டவே இல்லை, இடித்துவிட்டு ஒரிஜினலாக ஓடு மேய்ந்துவிடலாம்" என்கிறார். பங்காளிகளில் இரண்டு பேருக்குச் சம்மதம். அதற்குள் பழைய சாமான் வியாபாரி ஒருவர் வந்து அந்த அறையின் தேக்கு நிலைக்கும் கண்ணாடிக்கும் விலை பேசிவிட்டுப் போய்விட்டார்.

இது போதாதென்று வளவுக்கு மேலே சித்தப்பா போட்ட பிளாஸ்டிக் ஷீட் வேறு.

எதை எடுக்கலாம், எதை விடலாம்? வீடு பார்த்து அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ரிட்டயர்டு ஜேஇ:

தம்பி, முதலில் சுவரைப் பாருங்கள். பழைய செங்கலும் சுண்ணாம்பும் ஈரத்தைக் குடிக்கும், வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது. ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு மேலே ஏறும். கூடவே வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து அதைத் தள்ளிவிடும். எமல்ஷன் பெயிண்ட் அடித்தாலும் இதே கதைதான். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், டொக்கு டொக்கு என்று சத்தம் வரும் இடமெல்லாம் விட்டுப்போனது. சிமெண்டை முழுதாகக் கொத்தி எடுத்துவிட்டு ஒரு கோடை காயப் போடுங்கள். அப்புறம் சுண்ணாம்புதான். வாரக்கணக்கில் ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டு, ஒரு பூச்சு காய்ந்தபின் அடுத்தது என்று போக வேண்டும். வெள்ளைக்கரு கடைசிப் பூச்சுக்கு. முட்டை எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும், பொறுமையாகத் தேய்த்து மினுக்குகிற கொத்தனார்தான் கிடைக்க மாட்டார்.

ஆனால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் உளியை எடுக்காதீர்கள். வளவுத் தண்ணீர் வெளியே போகும் தூம்பு அடைத்திருக்கலாம். சாலையை மேலே மேலே போட்டு தூம்பின் வெளி வாய் மண்ணுக்குள் போயிருக்கலாம். மழை பெய்கிற நாளில் குடையோடு போய் நில்லுங்கள்.

மாடி அழகா அசிங்கமா என்பது என் துறை இல்லை. கூரைக்கு அடியில் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் வெடித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

டெர்பி தேவகோட்டையான்:

மாடியை இடிக்காதீர்கள் அண்ணே. "ஒரிஜினல்" என்கிற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இப்போதெல்லாம் சந்தேகம்தான். இங்கிலாந்தில் நான் இருக்கும் டெர்பிக்குப் பக்கத்தில் சாட்ஸ்வொர்த் மாளிகை இருக்கிறது. முதலாம் எலிசபெத் காலத்து வீடு. பிற்பாடு டெவன்ஷர் பிரபு வம்சத்தின் முதல் டியூக் ஆனவர் 1687இல் தெற்குப் பக்கத்தை மட்டும் மாற்றிக் கட்ட ஆரம்பித்தார். ருசி கண்டுவிட்டது, ஒவ்வொரு பக்கமாக மாற்றி 1707இல்தான் ஓய்ந்தார். 1820களில் ஆறாவது டியூக் வயட்வில் என்ற கட்டடக் கலைஞரை வைத்து வடக்கே நீளமாக ஒரு பகுதியைச் சேர்த்தார். இதில் எது ஒரிஜினல்? எலிசபெத் காலத்துக்கே போவோம் என்று மற்றதையெல்லாம் இடித்தால் மிச்சம் என்ன இருக்கும்? பழைய சர்ச்சுகளை "ஒரிஜினல்" ஆக்குகிறேன் என்று சுரண்டித் தள்ளியதைப் பொறுக்காமல்தான் வில்லியம் மாரிஸ் என்ற கவிஞர், பழைய கட்டடங்களைக் காக்க 1877இல் சங்கமே ஆரம்பித்தார். இன்றைக்கு அங்கே பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் உள்ள கட்டடத்தில், அதன் தன்மை மாறும்படி எதைச் செய்வதானாலும் அனுமதி வாங்க வேண்டும். பின்னால் சேர்த்த பகுதிக்கும் அதே சட்டம்தான்.

உங்கள் பாட்டையா மட்டும் என்ன, பர்மா தேக்கையும் இத்தாலி மார்பிளையும் இங்கிலாந்து இரும்பு உத்தரத்தையும் ஒரே வீட்டில் ஒட்ட வைத்தவர்தானே! ஐயா தன் காலத்துக்கு ஒரு கப்பலை ஒட்டினார்.

வியாபாரியிடம் மட்டும் ஜாக்கிரதை. இங்கிலாந்தில் கிர்ட்லிங்டன் பார்க் என்ற வீட்டின் சாப்பாட்டு அறை மொத்தமாக விலை போய், இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கிறது. நம் ஊர் நிலைகளும் தூண்களும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வெயிலில் சாய்த்து வைத்திருக்கின்றன.

பள்ளத்தூர் ஆச்சி:

ஷீட்டை நாளைக்கே கழற்றுங்கள். வளவு வழியாகத்தான் சூடு மேலே போகும், அதை மூடிவிட்டு ஏசி வாங்கலாமா என்று யோசிப்பார்கள். குரங்குக்குப் பயந்து போட்டிருந்தால் கம்பி வலை போதும். நாங்கள் கழற்றின அன்றைக்கு ராத்திரி பட்டாலையில் ஃபேனை ஒன்றில் வைத்துப் படுத்தோம்.

பாத்ரூம் கட்டுவதானால் கிணற்றடிப் பக்கம் கட்டுங்கள். இரட்டை வீட்டுக்குள் (வளவை ஒட்டிய அறைகள்) குழாயைக் கொண்டுபோய் எங்கள் வீட்டில் ஒரு சுவரே போச்சு.

மாடி அறை எங்களுக்கும் உண்டு. வெள்ளைக்காரத் துரை வந்தால் தங்குவதற்கென்று கட்டினது. ஒரு துரையும் வரவில்லை. கடைசி வரை சீர்ச் சாமானைத்தான் அடுக்கினோம்.

மூன்றாம்கட்டு:

போன ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. ஜேஇ ஐயா சொன்னபடி குடையோடு நின்றேன். வளவில் கணுக்கால் அளவு தண்ணீர், தூம்பில் சொட்டுகூடப் போகவில்லை. கம்பியை விட்டுக் குத்தினதில் ஒரு ரப்பர் பந்து வந்தது. சின்ன வயதில் நான் தொலைத்தது என்று தம்பி சொல்கிறான், நான் ஒத்துக்கொள்ளவில்லை. பந்து வந்ததும் கால் மணி நேரத்தில் வளவு காலி.

மாடிக் கூரையில் ஒரு மூலையில் மட்டும் கம்பி தெரிகிறது, பார்க்க ஆள் சொல்லியிருக்கிறேன். வியாபாரியிடம் இல்லை என்று சொல்லியாயிற்று. அவர் விலையை ஏற்றிக்கொண்டே போகிறார். இடிக்கச் சொன்ன இரண்டு பேரில் ஒருவர் இறங்கி வந்துவிட்டார். ஐந்தாவது பங்கு கோலாலம்பூரில், இன்னும் போனை எடுக்கவில்லை.