ஆபீஸ் சிஸ்டம் ரொம்ப ஸ்லோ, ரேம் ஏத்தறதா எஸ்எஸ்டி போடறதா?

கணக்குப்புள்ள:
ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை. என் சீட்ல இருக்கறது ஐ5 ஆறாவது ஜெனரேஷன் டெஸ்க்டாப், 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. காலைல ஆன் பண்ணிட்டுப் போய் டீ குடிச்சிட்டு வந்தாலும் ஐகான் ஒண்ணொண்ணா வந்துட்டே இருக்கும். டாலி, எக்செல், குரோம்ல ஜிஎஸ்டி போர்ட்டல் மூணும் ஒண்ணா திறந்தா மவுஸே நகராது. கடைக்காரர் ரேமை 16 ஆக்குங்கன்றார், எனக்கு எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான டிஸ்க்) போடலாமான்னு யோசனை, ஓனர் ஏதாவது ஒண்ணுக்குத்தான் காசுன்றார். எது போடலாம்?

ஸ்க்ரூடிரைவர்:
கடைக்காரர் சொல்றது இருக்கட்டும் சார், கன்ட்ரோல் ஷிப்ட் எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்குங்க, டாஸ்க் மேனேஜர் வரும், அதுல பெர்ஃபார்மன்ஸ்ல போய் சிஸ்டம் திணறும்போது மெமரி, டிஸ்க் ரெண்டையும் சேத்துப் பாருங்க. மெமரி 90 சதவீதம் தாண்டினா ரேம் பத்தலன்னு அர்த்தம், அப்ப விண்டோஸ் டிஸ்க்கை ரேமா யூஸ் பண்ண ஆரம்பிக்கும், அதனால டிஸ்க்கும் 100 காட்டும். மெமரி சும்மா இருக்கு டிஸ்க் மட்டும் 100ன்னா ஹார்ட் டிஸ்க்தான் வில்லன்.

கணக்குப்புள்ள:
பாத்தேன். மெமரி 62, டிஸ்க் 100லயே நிக்குது, ஆனா ஸ்பீடு 2 எம்பிகூட வரல.

எக்செல்அடிமை:
டீஃப்ராக் (டிஸ்க்ல சிதறிக் கிடக்கற ஃபைலை ஒண்ணு சேக்கறது) போட்டுப் பாத்தீங்களா? செலவே இல்ல.

ஸ்க்ரூடிரைவர்:
டீஃப்ராக்லாம் இதுக்குப் பத்தாது. மெமரி மிச்சம் இருக்கு, டிஸ்க்தான் திணறுது, அதனால எஸ்எஸ்டியே போடுங்க. எஸ்எஸ்டி போட்டப்புறம் அந்தப் பக்கமே போகாதீங்க, அதுக்கு ட்ரிம் (அழிச்ச ஃபைல் இருந்த இடத்தைக் காலி பண்றது) வேலையை விண்டோஸே பாத்துக்கும். 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி போதும், விண்டோஸும் டாலியும் அதுல, பழைய வருஷ ஃபைல் எல்லாம் ஹார்ட் டிஸ்க்லயே கிடக்கட்டும். ஆனா டிஸ்க் இவ்ளோ திணறுதுன்னா அது சாகப்போகுதோ என்னவோ, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்ற சாஃப்ட்வேர் போட்டு ஹெல்த் பாத்துடுங்க, காஷன்னு மஞ்சளா காட்டினா பேக்கப் எடுத்துட்டுத்தான் மறுவேலை.

லெட்ஜர்அக்கா:
தம்பி, ஓனர்கிட்ட இன்னொண்ணும் சொல்லிடுங்க. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட்டை நிறுத்தியாச்சு, உங்க ஆறாவது ஜெனரேஷன் விண்டோஸ் 11 லிஸ்ட்லயே இல்ல, இன்டெல்ல பொதுவா எட்டாவதுலேந்துதான் எடுத்துக்குவாங்க, டிபிஎம் 2.0ன்ற செக்யூரிட்டி சிப்பும் கேக்கும். கிளையன்ட் பாஸ்வேர்டெல்லாம் வெச்சிருக்கற சிஸ்டம், எப்படியும் சீக்கிரம் மாத்தணும். அப்ப எஸ்எஸ்டியைக் கழட்டி புது சிஸ்டத்துல மாட்டிக்கலாம், இந்த ரேம் பழைய வகை, புது டிடிஆர்5 வகை ரேம் போடற போர்டுல மாட்டவே முடியாது. எனக்குக் கேட்டா ரேமுக்குப் போடற காசு வேஸ்ட்.

கணக்குப்புள்ள:
ரேம் புது சிஸ்டத்துக்கு ஆகாதுன்னதும் ஓனர் எஸ்எஸ்டிக்கு ஓகே சொல்லிட்டார் அக்கா, ஆனா 20ஆம் தேதி ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் ஃபைல் பண்ணி முடிக்கற வரைக்கும் சிஸ்டத்தைத் திறக்கக் கூடாதாம்.

ஸ்க்ரூடிரைவர்:
அதுவும் நியாயம்தான். அதுவரைக்கும் டாஸ்க் மேனேஜர்லயே ஸ்டார்ட்அப் டேப்ல வேண்டாததையெல்லாம் டிஸேபிள் பண்ணி வைங்க, டாலி டேட்டாவை இன்னைக்கே எக்ஸ்டர்னல் டிஸ்க்ல ஒரு காப்பி எடுத்துடுங்க.